12345678987654321 என்ற எண்ணில் அப்படி என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வி இது: 12345678987654321 என்ற எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருகிறது. இது பகா எண்ணா? அழகாக இருக்கிறது என்பதைத் தாண்டி இதற்குக் கணித ரீதியாக ஏதாவது தனித்தன்மை உண்டா? இதே வடிவத்தை நீட்டிக்கொண்டே போகலாமா? எக்செல்லில் அடித்தால் கடைசி இரண்டு இலக்கங்கள் ஏன் பூஜ்யமாகிவிடுகின்றன? நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் முதல் மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. ஓர் எண்ணை எழுதிப் பார்க்கும்போது தெரியும் அழகு அந்த எண்ணுக்கே சொந்தமா, நாம் எழுதும் முறைக்குச் சொந்தமா? எண் கோட்பாடு பாடம் நடத்துகிறவன் நான். இந்த எண்ணைக் கொண்டுவந்து நீட்டாத மாணவர் கூட்டம் அநேகமாகக் கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். இது பகா எண் இல்லை. இது 111111111-இன் வர்க்கம். கணிப்பானை எடுக்காமல் பள்ளிக்கூட முறையில் தாளில் பெருக்கிப் பார்த்தால்தான் காரணம் கண்ணில் படும். 111111111-ஐ 111111111-ஆல் பெருக்கும்போது, பெருக்கும் எண்ணின் ஒவ்வோர் இலக்கமும் 1 என்பதால், ஒவ்வொரு வரியிலும் அதே 111111111 தான் வந்து விழும். ஒவ்வொரு வரியும் மேலே உள்ளதைவிட ஓர் இடம் இடதுபக்கம் தள்ளி நிற்கும். ஒன்பது வரிகளும் படிக்கட்டு போல இறங்கும். இனி நெடுக்காகக் கூட்டுங்கள். வலது ஓரத்தில் முதல் வரியின் 1 மட்டும். அதற்கு அடுத்த இடத்தில் இரண்டு வரிகள், ஆகவே 2. அடுத்து 3. ஒன்பதாவது இடத்துக்கு வரும்போது ஒன்பது வரிகளும் அங்கே இருக்கின்றன, கூட்டுத்தொகை 9. அதற்குப் பிறகு மேல்வரிகள் ஒவ்வொன்றாக முடிந்துபோவதால் 8, 7, 6 என்று இறங்கி 1-இல் நிற்கிறது. எந்த இடத்திலும் கூட்டுத்தொகை 9-ஐத் தாண்டவில்லை, அடுத்த இடத்துக்கு எதுவும் ஏறவில்லை. ஏறி இறங்கும் வரிசை அப்படியே விடையாக நிற்பதற்கு அது ஒன்றே காரணம்.

நீட்டிக்கொண்டே போகலாமா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பத்து ஒன்றுகள் கொண்ட எண்ணை எடுத்தால் நடு இடத்தில் பத்து வரிகள் சேர்ந்து 10 ஆகிவிடும். அங்கே 0 எழுதி 1 ஏற்ற வேண்டும். அதற்கு இடதுபக்கத்தில் இருந்த 9 இந்த 1-ஐச் சேர்த்துக்கொண்டு அதுவும் 10 ஆகும், மறுபடி 0 எழுதி 1 ஏற்ற வேண்டும். அதற்கும் அடுத்து இருந்த 8 இப்போது 9 ஆகி, ஏற்றம் அங்கே நிற்கிறது. கிடைக்கும் விடை 1234567900987654321. திருப்பிப் படித்தால் 1234567890097654321. இரண்டும் வேறு. ஆக, 1, 121, 12321, 1234321 என்று வளர்ந்து வரும் குடும்பத்தில் நீங்கள் கேட்ட எண்தான் கடைசிப் பிள்ளை. பதின்ம முறையில் இந்த வடிவம் இதற்கு மேல் போகாது.

வர்க்கம் என்று தெரிந்துவிட்டதால் காரணிகளைக் கண்டுபிடிப்பது எளிது. 111111111 = 111 × 1001001. முதலாவது 3 × 37. இரண்டாவது 3 × 333667. இதில் 37, 333667 இரண்டும் பகா எண்கள். ஆகவே நம் எண்ணில் 3 நான்கு முறையும், 37 இரண்டு முறையும், 333667 இரண்டு முறையும் வருகின்றன. அடுக்குகளோடு ஒவ்வொன்றைக் கூட்டிப் பெருக்கினால், 5 × 3 × 3, மொத்தம் 45 வகுத்திகள். வகுத்திகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருவது வர்க்க எண்களுக்கு மட்டுமே உள்ள குணம், அதுவும் இங்கே ஒத்துப்போகிறது. 37-ஆல் ஒரு வேடிக்கையும் கிடைக்கிறது. 37-இன் வர்க்கம் 12-இன் வர்க்கமும் 35-இன் வர்க்கமும் சேர்ந்தது. 111111111 என்பது 37 × 3003003 என்பதால், 12-ஐயும் 35-ஐயும் 3003003-ஆல் பெருக்கினால், நம் எண் = 36036036-இன் வர்க்கம் + 105105105-இன் வர்க்கம். 111111111-ஐக் கர்ணமாகக் கொண்ட ஒரு செங்கோண முக்கோணம் இது. முழு எண் பக்கங்களோடு வேறு முக்கோணம் இந்தக் கர்ணத்துக்குக் கிடையாது. காரணம், 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்கள்தான் இப்படி இரண்டு வர்க்கங்களாகப் பிரியும். 3, 333667 இரண்டும் மீதி 3 வரும் ரகம். 37 மட்டும்தான் பிரிகிறது. என்னைக் கேட்டால், இந்த எண்ணைப் பற்றிச் சுற்றிவரும் 'அதிசயங்கள்' பலவற்றைவிட இது சுவையானது. ஏனென்றால் எண்ணை எப்படி எழுதினாலும் இது மாறாது.

அந்த அதிசயங்களில் ஒன்றைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. "இலக்கங்களின் கூடுதல் 81, அதனால்தான் இந்த எண் 81-ஆல் வகுபடுகிறது" என்று சொல்வார்கள். கூடுதல் 81 என்பது உண்மை. எண் 81-ஆல் வகுபடும் என்பதும் உண்மை; ஈவு 152415789971041, அது 12345679-இன் வர்க்கம். நடுவில் இருக்கும் 'அதனால்தான்' மட்டும் தவறு. இலக்கக் கூடுதலை வைத்து 3, 9 இரண்டுக்கு மட்டுமே முடிவு சொல்ல முடியும். 1899-ஐப் பாருங்கள். இலக்கக் கூடுதல் 27. ஆனால் 1899 என்பது 9 × 211, 211 பகா எண், ஆகவே 27-ஆல் வகுபடாது. நம் எண் 81-ஆல் வகுபடுவதற்குக் காரணம், அதன் வர்க்கமூலமான 111111111 ஒன்பதால் வகுபடுவது. 9-இன் வர்க்கம் 81, அவ்வளவுதான்.

11-ஆல் வகுபடுமா என்றும் சிலர் கேட்பார்கள். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும் எந்தப் பாலிண்ட்ரோம் எண்ணும் (எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் எண்) 11-ஆல் வகுபட்டே தீரும். இரு ஓரங்களிலும் இருக்கும் ஒரே இலக்கங்கள், ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழிக்கும் சோதனையில் ஜோடி ஜோடியாக அடிபட்டுப் போவதால் அப்படி. அதனால்தான் இரட்டைப்படை நீளமுள்ள பாலிண்ட்ரோம்களில் 11-ஐத் தவிரப் பகா எண்ணே கிடையாது. நம்முடையது 17 இலக்கம், அந்த விதி இதற்குப் பொருந்தாது. 11-ஆல் வகுத்தால் மீதி 1.

சரி, மூலக் கேள்விக்கு வருவோம். பாலிண்ட்ரோம் என்பது எழுத்தின் குணம். இதே எண்ணை இரண்டை அடிமானமாக வைத்து, அதாவது இடமதிப்புகளைப் பத்தின் அடுக்குகளுக்குப் பதில் இரண்டின் அடுக்குகளாகக் கொண்டு, எழுதினால் 54 இலக்கங்கள் வரும். தொடக்கம் 10101, கடைசி ஐந்து இலக்கங்கள் 10001. பாலிண்ட்ரோம் இல்லை. பதினாறை அடிமானமாக வைத்தால் 2-இல் தொடங்கி 1-இல் முடியும், அதுவும் இல்லை. மறுபுறம், 2-ஐவிடப் பெரிய எந்த எண்ணையும், அதைவிட ஒன்று குறைந்த எண்ணை அடிமானமாக வைத்து எழுதினால் 11 என்று வந்துவிடும். ஆக, தேடினால் எல்லா எண்ணுமே ஏதோ ஓர் அடிமானத்தில் பாலிண்ட்ரோம்தான். இப்படிச் சொன்னதும் மாணவர்கள் முகம் சுருங்கிப் போகும், அழகெல்லாம் கண்துடைப்பா என்று.

கண்துடைப்பு இல்லை. எழுத்துக்குள்ளும் ஒரு கணிதம் இருக்கிறது. மேலே செய்த பெருக்கலில் 10 என்ற எண்ணை எங்கேயாவது பயன்படுத்தினோமா? எந்தக் கூட்டுத்தொகையும் அடிமானத்தை எட்டக் கூடாது என்பதற்கு மட்டும்தான். 10 இருந்த இடத்தில் க என்று ஒரு குறியைப் போட்டுவிட்டு, 1-லிருந்து க-வின் எட்டாம் அடுக்கு வரை உள்ள ஒன்பது உறுப்புகளைக் கூட்டி அந்தக் கோவையை வர்க்கப்படுத்துங்கள். வரும் கெழுக்கள் 1, 2, 3 என்று 9 வரை ஏறி மறுபடி 1-க்கு இறங்கும். இது எல்லா க-வுக்கும் உண்மை. அதனால் 12345678987654321 என்று எழுதிவைத்த எழுத்து வரிசை, 10-லிருந்து தொடங்கி எந்த அடிமானத்தில் படித்தாலும் ஒரு முழு வர்க்கம். அடிமானம் 12 என்றாலும், 16 என்றாலும், 60 என்றாலும். எண்ணின் அளவு மாறும், வர்க்கமாக இருப்பது மாறாது. 111 × 1001001 என்று பிரித்தோமே, அதுவும் இப்படித்தான். ஒன்பது உறுப்புக் கோவை எப்போதும் ஒரு மூன்று உறுப்புக் கோவையாகவும், அடுக்குகள் மூன்று மூன்றாகத் தாண்டும் இன்னொரு மூன்று உறுப்புக் கோவையாகவும் பிரியும். 3, 37, 333667 என்ற குறிப்பிட்ட பகா எண்கள்தான் பத்து என்ற அடிமானத்தால் வந்தவை. எது எண்ணுக்குச் சொந்தம், எது எழுத்துக்குச் சொந்தம், எது எல்லா அடிமானத்துக்கும் பொது என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் போய்விடும். அடிமானம் 16 என்றால் நடுவில் 15-க்கு உரிய இலக்கம் வரை ஏறலாம், அங்கே இந்தக் குடும்பத்துக்குப் பதினைந்து பிள்ளைகள்.

எக்செல் விவகாரம் இதற்கெல்லாம் சம்பந்தமில்லாதது. எக்செல் எந்த எண்ணிலும் முதல் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். அதனால்தான் உங்களுக்கு 12345678987654300 வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாகப் போட்டால் 12345678987654320 என்று வரும். இதைப் பார்த்துவிட்டு இரட்டை எண் என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. அங்கே எண்கள் 64 பிட் மிதவைப் புள்ளி முறையில் சேமிக்கப்படுகின்றன, துல்லியத்துக்கு 53 பிட்தான் கிடைக்கும். 2-இன் 53-ஆம் அடுக்கு 9007199254740992. நம் எண் அதைத் தாண்டிவிட்டது. அந்த எல்லைக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில் இரட்டை எண்களை மட்டுமே அந்த முறையால் குறிக்க முடியும். 320-இல் முடிவதற்கும் 322-இல் முடிவதற்கும் சரி நடுவில் நம் எண் மாட்டிக்கொள்கிறது, விதிப்படி 320 பக்கம் சாய்கிறது. பைத்தானில் முழு எண்ணாகவே வைத்துப் பெருக்கினால் கடைசி இலக்கம் வரை சரியாக வரும். நான் கணினிப் பொறியாளன் இல்லை, ஒவ்வொரு மென்பொருளும் என்ன செய்யும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் 15 இலக்கத்துக்கு மேல் போகும் எதையும் விரிதாளில் சோதித்துவிட்டு எண்ணின் குணம் என்று சொல்லாதீர்கள்.

அடுத்து, இது எவ்வளவு அபூர்வம்? பாலிண்ட்ரோம் என்ற அளவில் ஒன்றும் அபூர்வமில்லை. 17 இலக்கப் பாலிண்ட்ரோமில் முதல் ஒன்பது இலக்கங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மீதி தானாக அமைந்துவிடும். ஆக 90 கோடி இருக்கின்றன. இந்த எண் வரிசையில் எத்தனையாவது என்றுகூடக் கணக்குப் போடலாம். 16 இலக்கம் வரை மொத்தம் 199999998 பாலிண்ட்ரோம்கள் (பூஜ்யத்தைச் சேர்க்கவில்லை). 17 இலக்கத்தில் முதல் பாதி 100000000-இல் தொடங்கி 123456789 வரை வர 23456790. இரண்டையும் கூட்டினால் 223456788. நம் எண் 223456788-ஆவது பாலிண்ட்ரோம். இதற்கு முந்தையது சரியாகப் பத்துக் கோடி குறைவு, அடுத்தது பதினொரு கோடி அதிகம்.

பாலிண்ட்ரோமாகவும் வர்க்கமாகவும் இருப்பது அதைவிட அரிது, ஆனால் அதுவும் முடிவில்லாமல் இருக்கிறது. 11, 101, 1001 என்று இரு ஓரத்திலும் 1 வைத்து நடுவில் பூஜ்யங்களைச் சேர்த்துக்கொண்டே போங்கள். வர்க்கங்கள் 121, 10201, 1002001 என்று எல்லாமே பாலிண்ட்ரோம். ஆகவே "இதுதான் மிகப் பெரிய பாலிண்ட்ரோம் வர்க்கம்" என்ற பேச்சு தவறு. பொது விதி ஒன்று உண்டு. ஒரு பாலிண்ட்ரோம் எண்ணின் இலக்கங்களை ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 9-ஐத் தாண்டாவிட்டால் அந்த எண்ணின் வர்க்கமும் பாலிண்ட்ரோம். பெருக்கலில் நடு இடத்தில் சேர்வது அந்தக் கூட்டுத்தொகைதான், மற்ற இடங்கள் எதுவும் அதைவிட அதிகமாகாது. 212-க்கு 4 + 1 + 4, சரியாக 9. வர்க்கம் 44944. 111111111-க்கும் ஒன்பது ஒன்றுகள், அதுவும் சரியாக 9. விளிம்பில் நிற்கிறது. இந்த விதிக்குள் அடங்காமல் வருபவைதான் எனக்குப் பிடித்தவை. 26 பாலிண்ட்ரோம் இல்லை, ஆனால் அதன் வர்க்கம் 676. 264-இன் வர்க்கம் 69696. 836-இன் வர்க்கம் 698896. இரட்டைப்படை நீளமுள்ள பாலிண்ட்ரோம் வர்க்கங்களில் இதுதான் மிகச் சிறியது. மேலே சொன்ன விதிப்படி அது 11-ஆல் வகுபட வேண்டும், அப்படியென்றால் 836-உம் வகுபட வேண்டும். 836 = 11 × 76.

இந்த ரசனை புதிதும் இல்லை. 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட அரசர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீரர், தம் கணித சார சங்கிரகத்தில் இரு பக்கமும் ஒன்றுபோல் வரும் பெருக்கற்பலன்களை மாலை என்ற பெயரில் தொகுத்துத் தந்திருக்கிறார். 12345679-ஐ 9-ஆல் பெருக்கி 111111111 வருவது அதில் ஒன்று. 27994681-ஐ 441-ஆல் பெருக்கினால் 12345654321, அதாவது நம் எண்ணின் தம்பி, ஆறு ஒன்றுகளின் வர்க்கம். 27994681 என்பது 5291-இன் வர்க்கம், 441 என்பது 21-இன் வர்க்கம், 5291 × 21 = 111111. கணிப்பான் இல்லாத காலத்தில் இப்படியொரு கணக்கைப் போட்டுக் கொடுப்பதற்கு எண்களோடு நல்ல பழக்கம் வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாமே தாளும் பேனாவும் வைத்துச் சரிபார்க்கக்கூடியவை. இதற்கு அப்பால் போனால் கணிதமே இன்னும் முடிவு சொல்லாத இடம் வந்துவிடுகிறது. பகா எண்ணாகவும் இருக்கும் பாலிண்ட்ரோம்கள் முடிவில்லாமல் உண்டா? இருக்கும் என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள், ஆனால் நிரூபணம் கிடையாது. பெரிய உதாரணங்கள் தெரியும்: 1, பிறகு 13 பூஜ்யங்கள், 666, மறுபடி 13 பூஜ்யங்கள், 1 என்று 31 இலக்கங்கள் கொண்ட எண் பகா எண், பெல்ஃபெகோர் பகா எண் என்று பெயர். பாலிண்ட்ரோம்களில் ஏறக்குறைய எல்லாமே பகு எண்கள்தான் என்று 2004-இல் பேங்க்ஸ், ஹார்ட், சகாட்டா மூவரும் நிரூபித்தார்கள். ஆனால் 'ஏறக்குறைய எல்லாம்' என்று சொன்னதால் மிச்சமிருக்கும் பகா எண்கள் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும் என்று ஆகாது. இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

அடுக்குகளிலும் இதே நிலைதான். வர்க்கம், கனம், நான்காம் அடுக்கு மூன்றிலும் பாலிண்ட்ரோம்கள் ஏராளம். 11-இன் நான்காம் அடுக்கு 14641. ஐந்தாம் அடுக்கில் 161051 என்று உடைந்துவிடுகிறது. ஐந்தும் அதற்கு மேலும் உள்ள அடுக்குகளில், 1-ஐத் தவிர, பாலிண்ட்ரோமே வராது என்பது சிமன்ஸ் என்பவரின் ஊகம். இன்றுவரை யாரும் உடைக்கவும் இல்லை, நிரூபிக்கவும் இல்லை. தான் பாலிண்ட்ரோமாக இல்லாமல் கனம் மட்டும் பாலிண்ட்ரோமாக வரும் எண்களில் தெரிந்தது ஒன்றே ஒன்று: 2201. அதன் கனம் 10662526601. வேறு ஒன்று எங்காவது இருக்கிறதா என்பதும் திறந்தே கிடக்கிறது. உங்களுக்கு நிரல் எழுத வரும் என்றால் தேடிப் பார்க்கலாம், ஆனால் எக்செல்லில் வேண்டாம்.